எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளி: ஒரு வருடம் பிள்ளைகளை அனுப்பிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொள்கை, லட்சியம் என்றெல்லாம் நினைத்து நான் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கவில்லை. கையில் பணம் இல்லை, சேர்த்தேன்.

திருப்பூரில் 9 வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டதும், 2024 மே மாதம் மூட்டை முடிச்சோடு விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். வீட்டுக்காரர் டிப்பர் ஓட்டுகிறார். நான் திண்ணையில் மெஷினைப் போட்டுத் தைக்கிறேன். மகளுக்கு மூன்றாம் வகுப்பு, மகனுக்கு ஒன்றாம் வகுப்பு. 11 கி.மீ. தள்ளி ஒரு தனியார் பள்ளி இருக்கிறது, வேன் ஊருக்குள்ளேயே வரும். ஃபீஸ், வேன், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வருடத்துக்கு அறுபதாயிரத்தைத் தொட்டது. ஒன்றியப் பள்ளியோ வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மெஷினில் உட்கார்ந்தால் அதன் கேட் தெரியும்.

ஒரு வருடமாக அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் தைத்திருக்கிறேன். யார் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள், எந்த நாளில் சத்தம் அதிகம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஜூனில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கிறவர்கள் ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம், "எப்படிம்மா இருக்கு அந்த ஸ்கூலு?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

38 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். எச்.எம். டீச்சரிடம் நான்கும் ஐந்தும், சாரிடம் ஒன்று முதல் மூன்று வரை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஆக, சட்டப்படி குறை ஒன்றும் இல்லை. நடைமுறையில் இதனால் என்ன ஆகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்குப் பிடித்த விஷயம்.

வராண்டாவில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மேலே பெயிண்டில் 'இன்றைய செய்தி' என்று எழுதியிருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து, நாளுக்கு ஒருவராக நான்கு வரி எழுத வேண்டும். இரண்டு வரி பள்ளிச் செய்தி, இரண்டு வரி ஊர்ச் செய்தி. பேப்பரைப் பார்த்தோ டிவியைப் பார்த்தோ எழுதக் கூடாது. கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லை சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். இது எச்.எம். டீச்சரின் சட்டம். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் அழிக்க மாட்டார், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார். எழுதிய பிள்ளையே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்.

பள்ளிக்கு எதிரே ரேஷன் கடை. அரிசி வாங்க வரும் பெரியவர்கள் கேட் வழியாக எட்டிப் பார்த்து அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். 'பால் சொசைட்டி பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று.' 'ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு இரண்டாவது பல் விழுந்தது. அழவில்லை.' 'தண்ணீர் மோட்டார் மூன்று நாளாக ஓடவில்லை.' ஒரு நாள், 'இன்று சார் வரவில்லை. மழையும் வரவில்லை.' எழுதிய பையனை டீச்சர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டுச் சாயங்காலம் வரை அப்படியே விட்டுவைத்தார். தன் பள்ளியில் ஆள் இல்லை என்று ஊர் முழுக்கப் படிக்கட்டும் என்று விடுகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? திருப்பூரில் மகள் படித்த பள்ளியில் பெற்றோரை கேட்டைத் தாண்டி உள்ளே விட மாட்டார்கள். டைரியில் சீல் அடித்து வருவதுதான் செய்தி.

சரி, படிப்பு.

2024 ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. மூன்றாம் நாளே எனக்கும் சாருக்கும் சண்டை. மகள் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று சொல்லுவாள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. சார் அவளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "விரலை வச்சுப் படி பாப்பா" என்றார். வாய் எங்கேயோ போகிறது, விரல் இரண்டு வரி பின்னால் நிற்கிறது. அத்தனையும் மனப்பாடம். தமிழோ எழுத்துக் கூட்டித்தான் வந்தது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததில் விட்டுப்போன படிப்பைச் சரிக்கட்ட 2022-இல் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒன்றாக உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எது தெரியுமோ அந்த நிலையிலிருந்து படிக்கிறார்கள். என் மகளை மொட்டில் உட்கார வைத்துவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் பெற்றவளுக்குக் கோபம் வருமா வராதா? போய்க் கேட்டேன்.

"அக்கா, பாப்பாவுக்கு எழுத்தெல்லாம் தெரியுது. சேர்த்துப் படிக்கத்தான் வரல. பத்து வாரம் குடுங்க" என்றார்.

பத்து வாரத்தில் ஆகவில்லை. 16 வாரம் ஆனது. காலாண்டு லீவு முடிந்து கொஞ்ச நாளில் மலருக்குப் போனாள். இப்போது என் தையல் நோட்டில் நான் எழுதி வைக்கும் அளவுகளைப் படித்துவிட்டு, "இந்த அத்தைக்கு இடுப்பு 38-ஆ?" என்று சத்தமாகக் கேட்டு மானத்தை வாங்குகிறாள்.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பாட்டும் பொம்மலாட்டமும் சீக்கிரம் சலித்துவிடுகிறது. மகள் வகுப்பில் அப்படி ஒரு பெண். சார் என்ன செய்கிறார் என்றால், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவளை அனுப்பிவிடுகிறார். அந்தப் பெண்ணுக்கு அதில் சந்தோஷம்தான். அவள் அம்மாவுக்குத்தான், "என் புள்ள படிக்கப் போறாளா, வேலைக்குப் போறாளா" என்று வருத்தம். எனக்கென்னவோ அந்த அம்மா பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் சமைப்பது சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒரு அம்மா. அவருடைய பையன் அங்கேயே நான்காம் வகுப்பு படிக்கிறான். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் அந்த வேலையே. தன் பிள்ளையும் அதே தட்டில்தான் சாப்பிடப் போகிறான் என்பதால் ருசியைப் பற்றி நாம் தனியாகக் கவலைப்பட வேண்டாம். அந்த வருடம் திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போனது. கிச்சடி அருமை. உப்புமா, எங்கே போட்டாலும் உப்புமாதான். மதியம் சத்துணவு, தினமும் முட்டை. என் மகன் வீட்டில் காய்கறியை ஒதுக்குகிறவன், பள்ளியில் சாம்பாரில் இருக்கும் பூசணிக்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறானாம். அந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

சீருடை பற்றி நான் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? வருடத்துக்கு நான்கு செட், மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருகிறது. துணி பரவாயில்லை. தையல் நேராக இருக்கிறது, மடிப்பில் துணியைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள், அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பட்டன் மட்டும் நிற்காது. நூலைச் சுற்றி முடிச்சுப் போடாமல் அப்படியே அறுத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் பாதிப் பையன்களுக்கு ஊக்குதான். சனிக்கிழமைகளில் பட்டனை இலவசமாகத் தைத்துக் கொடுத்தேன். பிடித்துத் தைக்க 20 ரூபாய். அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஒன்றுதான். இரண்டு பேரில் ஒருவர் வராவிட்டால் பள்ளி பாதியாகிவிடுகிறது.

தையல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஜூனிலிருந்து அரையாண்டு லீவு வரைக்கும் ஒரே ஆசிரியர் இருந்த நாட்கள் 19. யாரும் சும்மா லீவு போட்டு ஊர் சுற்றவில்லை. பயிற்சி, கூட்டம், புத்தகம் வாங்கி வருவது, சீருடை வாங்கி வருவது, ஸ்காலர்ஷிப் விவரம் கொடுப்பது. தொடக்கப் பள்ளிக்கு கிளார்க் என்று யாரும் கிடையாது, எல்லாம் எச்.எம். தலையில்தான். பள்ளியில் இருக்கிற நாளிலும் பாதி நேரம் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக வேப்பமரத்தடிக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த 19 நாளும் 38 பிள்ளைகளும் ஒரே அறையில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும், ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார்கள், பாட்டுச் சத்தம் கேட்கும். பத்திரமாக இருப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் பாடம் நடக்காது. இதைச் சொன்னால் சிலர், "அரசுப் பள்ளியைக் குறை சொல்றீங்களே" என்கிறார்கள். என் பிள்ளை படிக்கிற இடத்தை நான் குறை சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மாலையில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும். அந்தத் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில், முதலியார்குப்பத்தில்தான். எங்கள் தெருவில் சொல்லிக்கொடுத்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதோடு சரி.

அடுத்தது கழிப்பறை. இதற்குப் புயலிலிருந்து தொடங்க வேண்டும்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை. எங்கள் ஊர் அங்கிருந்து கொஞ்சம் தள்ளித்தான், ஆனாலும் பள்ளி வளாகத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு கதவைத் திறந்தால் அலமாரியின் கீழ்த் தட்டு முழுக்க ஊறிப்போயிருந்தது. வாசிப்பு இயக்கத்தில் வந்த கதைப் புத்தகங்கள் எல்லாம் அந்தத் தட்டில்தான் இருந்தன. ஒல்லியான புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வரிசை. முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, போகப் போகக் கூடும். என் மகள் மொட்டிலிருந்து மேலே ஏறியதே அவற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

எச்.எம். டீச்சர் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். அட்டை தனியாக வந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கொடிக்கயிறும் கிளிப் டப்பாவும் எடுத்து வந்தேன். வராண்டாத் தூண்களுக்கு நடுவே நாலைந்து வரிசை கட்டி, ஒவ்வொரு புத்தகத்தையும் நடுப்பக்கத்தில் பிரித்துக் கவிழ்த்துத் தொங்க விட்டோம். பெரிய பிள்ளைகள் தொங்க விட, சின்னதுகள் கீழே நின்று ஒட்டிய பக்கங்களை ஊதி ஊதிப் பிரித்தார்கள். பாதி காய்ந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் மேலே மல் துணியைப் போட்டு இஸ்திரி போட்டேன். சூடு கொஞ்சம் கூடினால் வண்ணம் துணியில் ஒட்டிக்கொள்கிறது, குறைந்தால் பக்கம் சுருங்குகிறது. மூன்று புத்தகத்தைக் கெடுத்த பிறகுதான் கை பழகியது. 64-இல் 41 தேறியது. அதில் ஒன்றில் யானை இருந்த பக்கம் இப்போது வெறும் சாம்பல் நிறம். பிள்ளைகள் அதையும் யானை என்றே படிக்கிறார்கள்.

அன்றைய பலகை: 'புத்தகங்கள் துணி போலக் காய்கின்றன. பற புத்தகம் உண்மையாகவே பறந்தது. பிடித்துவிட்டோம்.'

புத்தகம் தப்பியது. மோட்டார் தப்பவில்லை. தண்ணீர் ஏறி, உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) எரிந்துவிட்டது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பையன்கள் எப்படியோ சமாளித்தார்கள். பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வந்தார்கள். என் மகள் கேட்டைத் தாண்டியதும் வீட்டுக்கு ஓடி வருவதை மெஷினிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து வாரம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். 2024-இல் மாற்றி அமைத்தபோது 24 பேர் ஆக்கி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பகலில் வீட்டில் இருக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். கூட்டத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் மூன்றாமவரைக் காட்டினார். கடைசியில் நடந்தது என்ன தெரியுமா? பலகையில் ஒரு பெண், 'மோட்டார் எரிந்து 31 நாள்' என்று எழுதினாள். மறுநாள் வேறு பிள்ளையின் முறை, '32 நாள்'. அதற்கடுத்த நாள் '33'. ரேஷன் கடைக்கு வந்த ஊர் முழுக்கப் படித்தது. 36-ஆம் நாள் முன்னாள் மாணவர் ஒருவர் காயில் கட்டுகிறவரைத் தன் வண்டியிலேயே அழைத்து வந்து இறக்கினார். காசும் அவரே கொடுத்தார். நடந்தது நல்லதுதான், ஆனால் அது அவர் செய்ய வேண்டிய வேலை இல்லை. கழிப்பறை சுத்தம் செய்ய வருகிற அம்மாவுக்குச் சொற்பக் காசு, அதனால் அவர் வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அதிகம். இதுவரை அது மாறவில்லை.

கலைத் திருவிழாவில் அந்த வருடம்தான் முதல் தடவையாகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். 38 பேர்தான் என்பதால் 'உனக்கு வராது, நீ உட்கார்' என்று யாரையும் ஒதுக்க முடியாது, எல்லோரும் மேடை ஏறியாக வேண்டும். என் மகன் மாறுவேடத்தில் தபால்காரர். சட்டை நான் தைத்தது. வசனத்தை மறந்துவிட்டு, நடுவரிடம் போய், "உங்களுக்குக் கடுதாசி இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தான். பரிசு இல்லை.

ஊரில் ஒரு விஷயம் தப்பாகப் பரவியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், இந்த இரண்டுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கணக்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே படிக்க வேண்டும் என்பது இல்லை. ஆனால் அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் அப்படி இல்லை. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஆங்கில வழியும் உண்டு. அதே அறை, அதே சார், அதே பாய், புத்தகம் மட்டும் வேறு. 'இங்கிலீஷ் மீடியம்' என்றதும் ஓடிப்போய்ப் படிவத்தில் டிக் அடிக்காதீர்கள். மகள் திருப்பூரில் ஆங்கில வழியில் தொடங்கிவிட்டாள், அவளுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. மகனைத் தமிழ் வழியில்தான் சேர்த்தேன்.

யாருக்கு இந்தப் பள்ளி ஒத்துவரும்? பகலில் ஊரில் இருக்கிறவர்களுக்கு, போய்க் கேள்வி கேட்கச் சங்கடப்படாதவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். விட்டுவிட்டு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள், சாயங்காலம் பார்த்துக்கொள்ள ஆளை ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள். 2025-இல் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கை தொடங்கியது, ஜூனிலும் சேர்க்கலாம். ஐந்தாம் வகுப்பிலிருந்து 9 பேர் வெளியே போகிறார்கள், இதுவரை சேர்ந்தது 5 பேர்.

வெயில் அதிகம் என்று இந்த முறை முழு ஆண்டுத் தேர்வை ஏப்ரல் 7-இல் தொடங்கி 17-இலேயே முடித்துவிட்டார்கள். இப்போது பலகை வெறுமையாக இருக்கிறது. ஜூனில் மகள் நான்காம் வகுப்பு, அவளுக்கும் முறை வரும். இப்போதிருந்தே ஒரு நோட்டுப் போட்டுச் செய்தி சேர்க்கிறாள். நேற்று ராத்திரி வந்து, "அம்மா, நீ டிப்பர் வாடகைக் காசுக்கு அப்பாகிட்ட சண்டை போட்டியே, அது ஊர்ச் செய்தியா, இல்ல வீட்டுச் செய்தியா?" என்று கேட்டாள். எழுதக் கூடாது என்றேன்.

"நான் கண்ணால பார்த்தேனே" என்கிறாள்.